கொதிக்காத டீசல்

வைகாசிக் கிருத்திகை அன்று காலை ஏழு மணிக்கு, எட்டு நூல் மூட்டைகளோடு கிளம்பிய என் வண்டி திருத்தணி மலையடிவாரத்து ஏற்றத்தில் மக்கர் செய்தது. ஒரேயடியாக அணைந்து போயிருந்தாலாவது ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, இறங்கி நின்று நாலு வார்த்தை திட்டியிருப்பேன். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும் முக்கி முனகி, நடைவேகத்துக்கு மேல் போக மறுத்தது. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. முன்னால் காவடிகள், பின்னால் காவடிகள், நடுவில் நான்.

நான் அடித்த ஹாரனில் பம்பைக்காரர் ஒருவர் தாளம் தப்பி என்னை முறைத்தார். அதற்குள் மஞ்சள் வேட்டி கட்டிய ஏழெட்டுப் பேர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், வண்டியின் பின்னால் கை வைத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

"ண்ணா, நான் கோயிலுக்கு வரலீங்கண்ணா! பொதட்டூர்பேட்டைக்குப் போவணும். அந்தப் பக்கம் தள்ளாதீங்க!"

"அரோகரா!"

"ண்ணா, நூலு மூட்டைண்ணா!"

"நூலோ பாலோ, நீ கும்புட்டுகினே ஸ்டேரிங்கப் புடிம்மா. அவன் ஏத்திடுவான்."

ஏற்றிவிட்டார்கள். மலைப்பாதை தொடங்கும் வளைவு வரைக்கும் கொண்டுபோய் விட்டு, ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னைக் கேட்காமலே கற்பூரத் தட்டைக் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது? பத்தரை மணி வரை அங்கேயே ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியதும் வண்டி தானாகவே சரியாகிவிட்டது. மஞ்சள் விளக்கும் அணைந்தது. பொதட்டூர்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது, நூலுக்காகக் காத்திருந்த தறிகளும் என் கணவரின் அண்ணனும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பொதட்டூர்பேட்டையில் என் மாமனார் வீட்டில் ஆறு விசைத்தறிகள். லுங்கி நெய்கிறோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பத்து வருஷம் அங்கே தார் சுற்றினேன், அதாவது தறிக்குள் போகும் குச்சிகளில் நூல் சுற்றினேன். தறிச் சத்தம் காதுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு நானும் வீட்டுக்காரரும் திருத்தணியில், மலைக்குக் கீழே ஒரு தெருவில் குடியேறினோம். அவர் தினமும் பஸ்ஸில் போய்த் தறி ஓட்டிவிட்டு வருவார். நான் என் வளையல்களை விற்று, நகரி பக்கத்து ஆள் ஒருவரிடமிருந்து ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி வாங்கினேன். திருத்தணியில் வந்து இறங்கும் நூலைத் தறிக்குக் கொண்டுபோவது, நெய்த லுங்கியைப் பார்சல் ஆபீசுக்கோ, வாரத்தில் இரண்டு நாள் சென்னைக்கோ கொண்டுபோவது. இதுதான் என் வேலை.

எனக்கு அந்த வண்டி உயிர். மிகைப்படுத்தவில்லை. பத்து வருஷம் ஒரு வீட்டில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் கூப்பிடுகிற மருமகளாக இருந்தவளுக்கு, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினால் யாரும் கூப்பிட முடியாது என்பது எத்தனை பெரிய விஷயம் என்று சொன்னால் புரியுமோ என்னவோ. சென்னை ரோட்டில் தனியாகப் போகும்போது நான் சத்தம் போட்டுப் பாடுவேன். படுமோசமாகப் பாடுவேன்.

பாவாவுக்கு, அதாவது வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, ஆரம்பத்திலிருந்தே இது பிடிக்கவில்லை. அவருடைய மச்சான் ஒருவன் லைசென்ஸ் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். வண்டி இந்த மாதிரி மூன்று தடவை வழியில் படுத்ததும் மாமனார் எனக்கு போன் செய்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் தறி நின்றால் அவருக்கு மூச்சு நின்ற மாதிரி.

"ஆடிக் கிருத்திகைக்குள்ள வண்டி ஒழுங்கா ஓடணும்மா. இல்லன்னா சாவிய உங்க பாவாகிட்ட குடுத்துடு. அவன் மச்சான் ஓட்டட்டும். நீ பழையபடி தார் சுத்து."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சாமிக்கே சினம் தணிந்த ஊரில் குடியிருந்தும் உனக்குத் தணியவில்லையே என்று வீட்டுக்காரர் எப்போதாவது சொல்வார். அவர் வருஷத்துக்குப் பேசுகிற நாலைந்து வாக்கியங்களில் அது ஒன்று. அவருக்கு அவருடைய வீட்டில் ஊமை என்றே பெயர். அந்த போன் வந்த அன்றும் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குகளிடம் போனேன். முதல் ஆள் டீசல் ஃபில்டரை மாற்றினார். இரண்டாவது ஆள் டேங்கைக் கழற்றிக் கழுவினார். மூன்றாவது ஆள் மத்தியானம் அரக்கோணம் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வண்டி சூப்பரா போவுதுக்கா. நீங்க கிளட்ச் மேலயே கால வச்சிகினு ஓட்றீங்க, அதான்" என்றார். அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. வண்டியின் குணம் அப்படி. வைத்தியர் வாசலில் காலை வைத்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளை போல, மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோகும் மத்தியான வேளையில் அது சமர்த்தாகிவிடும்.

சரி, வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், எழுதிக் காட்டுவோம் என்று தீர்மானித்தேன். வண்டி மக்கர் செய்கிற ஒவ்வொரு நாளும், தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன சுமை என்று எழுதி ஒரு ஆணியில் குத்திவைத்தேன். ஆனி பாதி போனதும், அத்தனை தாள்களையும் எடுத்துக் கூடத்தில் வரிசையாகப் பரப்பினேன். ஒரு படித்த மெக்கானிக்கிடம் இதைக் காட்டினால் நோய் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரே பெருமை.

பின்பக்கத்தைப் படித்துக்கொண்டே வந்தவள், எதற்கோ தாளைத் திருப்பினேன். செவ்வாய். அடுத்தது வெள்ளி. அடுத்தது செவ்வாய். அப்புறம் வெள்ளி, கிருத்திகை விரதம் என்று சிவப்பில் அச்சடித்தது. அப்புறம் செவ்வாய். ஒரு சஷ்டி. மறுபடியும் வெள்ளி. அத்தனை தாளும் முருகனுக்கு உகந்த நாட்கள். ஒரு திங்கள் இல்லை, ஒரு சனி இல்லை.

என் வாயை அடைக்கப் பார்த்தவர்களின் வாயை அடைக்க நான் பாடுபட்டுச் சேர்த்த ஆதாரம் அது. அதை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் முருகன்தான் குற்றவாளி என்று தீர்ப்பாகும். அவசரமாகத் தாள்களைச் சுருட்டினேன். அதற்குள் வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்த்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"நான் பாத்துக்கிறேன்" என்றார்.

என்னத்தைப் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை. மறுவாரத்திலிருந்து வண்டி புதன்கிழமையும் படுக்க ஆரம்பித்தது.

விஷயம் எப்படியோ பாவா காதுக்குப் போனது. அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் அவர் பிள்ளை பாஸானபோதுகூடப் பார்த்ததில்லை. வண்டியின் பழைய சொந்தக்காரர் ஆந்திராக்காரர், வண்டி வாங்கியதும் முதல் பூஜையைத் திருப்பதியில் போட்டிருக்கிறார் என்று விசாரித்துக் கண்டுபிடித்துவந்தார்.

"பெருமாள் யாரு? முருகனுக்கு மாமன். மாமனுக்கு மொத மரியாத செஞ்சிட்டு, மருமகன் வாசல்லயே வண்டி ஓட்டிகினு திரிஞ்சா அவன் சும்மா வுடுவானா?"

அவர் சொன்னதை மாமனார் யோசித்துத் தலையாட்டினார். குடும்பத்துக்குள் மரியாதை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். நானும் இறங்கிவந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வண்டியை மலைமேல் ஏற்றி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மருமகனுக்கு உரிய மரியாதையை முறையாகச் செய்தேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி பிரமாதமாக ஏறியது. பாவாவுக்கு போன் போட்டு நானே சொன்னேன். ஞாயிறு, திங்கள் ஒரு குறையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, தெருமுனையிலேயே நின்றது.

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. சாமி மேல் பயமில்லை. தார் சுற்றும் ராட்டினத்துக்கு முன்னால் நான் போய் உட்காரப்போகிறேன் என்ற பயம். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

அரக்கோணம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனைப் பற்றி டீக்கடையில் கேள்விப்பட்டேன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற, கழுத்தில் துளசிமாலை போட்ட மனுஷர். நான் சொன்னதை முழுக்கக் கேட்ட முதல் ஆள் அவர்தான். காலண்டர் தாள்களையும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் நான் எழுதியிருந்த மணியைத்தான் பார்த்தார்.

"எல்லாம் காலைல தான் நிக்குது. பத்து, பத்தரைக்கு மேல ஒண்ணும் இல்ல. கவனிச்சீங்களாக்கா?"

கவனிக்கவில்லை. காலையில்தானே நூல் ஏற்றுகிறேன், காலையில்தானே நிற்கும் என்று விட்டுவிட்டேன்.

"வர்ற செவ்வாக்கெழம காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவியே போடாதீங்க. நானே வந்துட்றேன்."

அது ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் வந்த செவ்வாய். வீட்டுக்காரர் முதல் பஸ்ஸுக்குப் போன பிறகு, ஆறரை மணிக்கு எலெக்ட்ரீஷியன் வந்தார். கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ஸ்கேனர். அதன் ஒயரை ஸ்டேரிங்குக்குக் கீழே சொருகிவிட்டு, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார்.

"ராத்திரி பூரா மூணும் ஒரே தெருவுலதான் படுத்துகினு இருந்தது. இன்ஜின் தண்ணி, காத்து, டீசல். மூணும் ஒரே சூடுதான் காட்டணும். காட்டலன்னா, மூணுல எவனோ ஒருத்தன் பொய் சொல்றான்."

இத்தனை எளிமையான யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று ஆத்திரமாக வந்தது. திரையைப் பார்த்தோம். தண்ணீர் இருபத்தெட்டு டிகிரி. காற்று இருபத்தெட்டு. டீசல் நூற்று இருபத்தொன்று.

அவர் என்னைக் கூப்பிட்டு டீசல் குழாயின் மேல் கை வைக்கச் சொன்னார். பயந்துகொண்டே வைத்தேன். சில்லென்று இருந்தது.

"இதுல நூத்தி இருவது டிகிரி டீசல் இருந்தா நாம ரெண்டு பேரும் இப்படி நின்னுகினு பேசமாட்டோம். டீசல் கொதிக்கல. கொதிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு சேதி போவுது. அது பாவம், இன்ஜின் வெந்துடப் போவுதுன்னு பயந்துகினு பவரக் கொறச்சிடுது."

"ஒரு தரம் தொட்டுப் பாக்கக் கூடாதா அது?"

"அதுக்குக் கை இல்லக்கா."

டீசல் ஃபில்டருக்குப் பக்கத்தில், குழாயில் கட்டைவிரல் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினார். டீசலின் சூட்டைப் பார்த்துச் சொல்கிற சென்சார் அதுதான். அதன் தலையில் சொருகியிருந்த ஒயர் பிளக்கைப் பிடுங்கினார். திரையில் நூற்று இருபத்தொன்று மறைந்து, மைனஸ் நாற்பது என்று வந்தது.

"ஒயர எடுத்துட்டா இமயமலைன்னு சொல்லும். அப்ப ஒயர்ல கொற இல்ல. இந்த சாமான் பக்கம்தான்" என்று குனிந்தவர், கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"அக்கா, இங்க எறும்பு இருக்குது."

சாரை சாரையாக இருந்தது. பிளக்கின் மேலே அழகாக மூன்று விபூதிப் பட்டை. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கீழே பழைய விபூதி அடுக்கடுக்காகக் காய்ந்து அப்பிக்கிடந்தது. மேலே இருந்தது புதுசு, இன்னும் ஈரம். ஓரத்தில் ஒரு சொட்டு பஞ்சாமிர்தம். எறும்புகளின் பக்திக்கு அதுதான் காரணம்.

பிளக்குக்குள் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ காணாமல் போயிருந்தது. உள்ளே இரண்டு கம்பிக் கால்கள் பச்சை பூத்து, வெள்ளைச் சேற்றில் நின்றன.

"தண்ணியில கொழச்ச விபூதி கரண்ட்ட வுடும். இந்த ரெண்டு காலுக்கும் நடுவுல பாலம் போட்டுடுது. கரண்ட்டு எவ்ளோ சுலபமா போவுதோ அவ்ளோ சூடுன்னு இதுக்கு அர்த்தம். வெயில்ல காஞ்சிட்டா பாலம் அறுந்துடும், வண்டி சரியாயிடும். அதான் பத்தரை மணி" என்றவர், துளசிமாலையைத் தொட்டுக்கொண்டு கேட்டார். "யாருக்கா வீட்ல இவ்ளோ பக்தி?"

நான் அந்த மூன்று பட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுப்பட்டை மட்டும் மற்ற இரண்டையும்விட ஒரு நெல்லளவு உள்ளே தள்ளி ஆரம்பித்திருந்தது. வீட்டுக்காரருடைய நடுவிரல் நுனியைச் சின்ன வயதில் தறி பெல்ட் எடுத்துக்கொண்டது. அவர் நெற்றியிலும் நடுப்பட்டை அப்படித்தான் இருக்கும்.

"தெரியலீங்க" என்றேன்.

செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி என்றால் விடியற்காலையில் வீட்டுக்காரர் குளித்துவிட்டுப் படியேறி மலைக்குப் போய்வருவது எனக்குத் தெரியும். வந்ததும் வாசலில் பானட் மூடுகிற சத்தம் கேட்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்கிறார் என்று நினைத்து மனசுக்குள் மெச்சிக்கூட இருக்கிறேன். வண்டி நின்றதென்றால் பூசினார். பூசியதால் நின்றது. நின்றதால் இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பூசினார். காலண்டர் தாள்களைப் பார்த்த பிறகு புதன்கிழமையையும் சேர்த்துக்கொண்டார். மலையில் நான் போட்ட பூஜைக்கு நன்றியாகப் பஞ்சாமிர்தம் வேறு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நேரம் என்மேல் சென்சாரை வைத்திருந்தால் அது பொய் சொல்லியிருக்காது.

எலெக்ட்ரீஷியன் சென்சாரைக் கழற்றிக் கழுவி, சுத்தம் செய்தால் பிழைக்குமா என்று பார்க்கவேண்டும் என்றார். அதற்குச் சுடுதண்ணீர் வேண்டும். அடுப்பு பற்றவைக்கும் பொறுமை எனக்கு இல்லை. தெருமுனை டீக்கடைக்குப் போனோம். மீட்டரின் இரண்டு ஒயரையும் சென்சாரின் காலில் மாட்டி, பாய்லரில் பிடித்த வெந்நீர் கிளாசில் அதை இறக்கினார். சூடு பட்டால் மீட்டரில் எண் ஒரே சீராக இறங்கவேண்டுமாம். அது இறங்கியது, ஏறியது, குதித்தது, ஒன்றுமில்லை என்றது.

"யோவ், என் கிளாஸ்ல இன்னாத்த போட்டுகினு கீற?" என்று டீக்கடைக்காரர் ஓடிவந்தார்.

"டீசல் சென்சாருங்க. காய்ச்சல் பாக்கறோம்."

"அதுக்கு என் கடையா ஆஸ்பத்திரி?"

கிளாசை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுச் சாக்கடையோரம் தூர எறிந்தார். சுற்றி டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தங்கள் கிளாசை ஒருமுறை முகர்ந்தார்கள். எலெக்ட்ரீஷியன் அசரவில்லை. "கால் உள்ளயே அரிச்சிட்டது. புதுசு போட்டுடலாங்கா" என்றார். கடை திறக்கும் வரை காத்திருந்து புது சென்சாரும் புது பிளக்கும் வாங்கி மாட்டினோம். சாவியைத் திருப்பினால், தண்ணீரும் காற்றும் டீசலும் மூன்றும் ஒரே டிகிரி. மூன்று பேர் ஒரே பேச்சுப் பேசியதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய சென்சாரைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டேன்.

பொதட்டூர்பேட்டைக்குப் போகும் வழியெல்லாம் வண்டி பறந்தது. நான் பாடவில்லை. வீட்டுக்காரரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் பக்கத்தில் வரும்போது இன்னொன்றும் தோன்றியது. இதை அந்த வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னால் அவர் கதி என்ன? ஊமை என்ற பெயர் போய், சாகும்வரைக்கும் விபூதி என்று கூப்பிடுவார்கள். பாவா அதை ஊர் முழுக்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பரப்புவார். கூடாது, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திட்டவேண்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முழுசாகத் திட்டி முடித்துவிடவேண்டும் என்று முடிவு செய்தேன்.

மணி பன்னிரண்டாகிவிட்டது. நூல் இல்லாமல் இரண்டு தறி காலையிலிருந்து நின்றிருந்தது. நான் போன நேரத்துக்குக் கரண்டும் போனது. மற்ற வீடுகளில் கரண்டு போனால் விசிறியைத் தேடுவார்கள். தறி வீட்டில் அப்போதுதான் குடும்ப விஷயம் பேசுவார்கள். ஆறு தறி ஓடும்போது யார் என்ன பேசினாலும் கேட்காது. அதனால் பெண் பார்ப்பது, பாகம் பிரிப்பது, சண்டை, சமாதானம் எல்லாம் கரண்டு இல்லாத நேரத்துக்குத்தான். கரண்டு வந்துவிட்டால் எல்லாரும் எழுந்து தறிக்குப் போய்விடுவார்கள். அதுவரைக்கும் என்ன பேசியதோ அதுதான் முடிவு. அதை மறுபடி யாரும் எடுப்பதில்லை.

"சாவிய வச்சிடும்மா" என்றார் பாவா. "போதும்."

"வண்டி சரியாயிடுச்சி பாவா. டீசல் சென்சார் போயிருந்தது. உள்ள ஈரம் எறங்கி கெட்டுப்போச்சி. மாத்திட்டேன்." தாளைப் பிரித்துக் காட்டினேன்.

பாவா அதை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "இந்தச் சுண்டக்கா சாமானா ஒரு டன் வண்டிய நிறுத்திச்சி? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

மாமனார் கையமர்த்தினார். "சரிம்மா. ஈரம் எப்படி எறங்கிச்சி? மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு மறுபடியும் எறங்காதுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

நியாயமான கேள்வி. நாலாவது தறிக்குப் பக்கத்தில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார். அவர் பார்வை பாவாவின் கையிலிருந்த சென்சாரின் மேல் நின்றது. அதன் இடுக்குகளில் விபூதி இன்னும் போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

நாக்கு நுனிவரைக்கும் பதில் வந்தது. "தெரியல மாமா" என்றேன்.

"தெரியலன்னா மறுபடியும் நிக்கும். சாவியக் குடுத்துடு. ஒரு வருஷம் அவன் ஓட்டிப் பாக்கட்டும்."

நெய்து அடுக்கியிருந்த லுங்கிக் கட்டின் மேல் சாவியை வைத்தேன். விரல் சட்டென்று பிரியவில்லை. வைத்துத்தான் ஆகவேண்டியிருந்தது, வைத்துவிட்டேன். பல்பு எரிந்தது. கரண்டு வந்துவிட்டது. எல்லாரும் எழுந்தார்கள், ஒவ்வொரு தறியாகக் கிளம்பி சத்தம் பிடித்தது. பாவா சாவியை எடுக்கக் கையை நீட்டினார். என் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு அநாதையாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

திடீரென்று எல்லாம் நின்றது. மறுபடியும் கரண்டு போய்விட்டதென்று நினைத்தோம். திரும்பிப் பார்த்தால், வீட்டுக்காரர் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அதன் கைப்பிடியைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறார். கரண்டு போகும்போது போலவே, ஓடுகிற தறியை அப்படி நிறுத்தினால் குறுக்கே ஓடும் நாடா பாதியில் மாட்டி இழையெல்லாம் அறுந்துபோகும். அந்த வீட்டில் எந்தச் சாவுக்கும் யாரும் வேண்டுமென்று அதைச் செய்ததில்லை.

"எவன்டா அது?" என்று மாமனார் கத்தினார்.

"நாந்தான் நைனா" என்றார். "நாந்தான் பூசினேன். விபூதிய. தண்ணியில கொழச்சி. செவ்வா வெள்ளி. அப்புறம் புதன்கெழமயும். அந்த சாமான் நீட்டிகினு இருந்தது. வண்டிக்கு அதான் மூஞ்சின்னு நெனச்சிட்டேன்."

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பாவா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பிள்ளைகள் சிரித்தார்கள். தறி ஓட்டும் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்காரர் அத்தனை பேரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். கை சுவிட்சை விடவில்லை.

"அவ மெட்ராஸ் ரோட்டுக்குப் போறா. சாயந்திரம் தெருவுல வண்டிச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்குக் கை ஓடறதில்ல. எவ்ளோ இழ அறுக்கறன்னு நீயே திட்டிகினு இருக்கிறயே நைனா, அதான். வண்டி மேல தப்பு இல்ல. அவ நல்லாதான் ஓட்டறா. பயந்துகினு இருந்தது நான். சாவிய அவகிட்ட குடு."

அவர் என் ஓட்டுதலை நம்பவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு தரம்கூட வண்டியைப் பற்றி அவர் என்னிடம் நல்ல வார்த்தை பேசியதில்லை. வழியெல்லாம் அடுக்கிவந்த வசவுகளில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

"மொதல்ல மெயினப் போடுடா. இழை அத்தனையும் அறுந்து கெடக்குது" என்றார் மாமனார்.

வீட்டுக்காரர் போடவில்லை. அப்படியே நின்றார். மாமனார் அவரைப் பார்த்தார், சிரிப்பு இன்னும் அடங்காத பெரிய மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, லுங்கிக் கட்டின் மேலிருந்த சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். அது என் கைக்குள் போய் நான் விரலை மூடும்வரை பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் சுவிட்சை மேலே தள்ளினார்.